சோளகக் காற்றும் ஒரு தறப்பாளும்: வன்னிக் கோடையில் வீட்டைக் குளிர்வித்து, முற்றத்திலும் குளக்கரையிலும் குடும்பமாகத் தங்க ஒரு முழுமையான வழிகாட்டி

வட இலங்கையின் வன்னியில், சித்திரை பிறந்து பத்து நாளைக்குள் எங்கள் வீட்டுக் கட்டில்கள் இடம் மாறிவிடும். மேற்கு அறையில் கிடந்த இரண்டும் விறாந்தைக்கு வரும். அந்த அறை நெல் மூட்டைகளுக்கும் பழைய பெட்டிகளுக்கும் போகும். புரட்டாதி முடியும்வரை நாங்கள் வீட்டுக்குள் வாழ்வதில்லை, வீட்டைச் சுற்றித்தான் வாழ்கிறோம். மண்சுவரும் ஓலைக்கூரையுமாக இருந்த பழைய வீடு கோடையைத் தானே பார்த்துக்கொண்டது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வந்த, சுமார் 550 சதுர அடியில் கல்லும் சீமெந்துமாக நிற்கும் வீட்டுக்கு நாம்தான் உதவ வேண்டும்.

இதில் பாதி வீட்டைப் பற்றியது, பாதி வெளியே தங்குவதைப் பற்றியது. ஒரு சொல்லைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்காகக் கூடாரம் அடித்துத் தங்குவதை மற்ற இடங்களில் 'முகாமிடுதல்' என்று எழுதுவார்கள். வன்னியில் 'முகாம்' என்றால், போர் முடிந்து சனங்கள் முகாம்களில் அடைபட்ட 2009தான் நினைவுக்கு வரும். அங்கே தறப்பாளுக்குள் (தார்ப்பாய்க் கூடாரத்துக்குள்) நண்பகலைக் கழித்தவர்கள் எங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள். ஆகவே எங்கள் வீட்டில் இதற்கு 'இராத்தங்கல்' என்று பெயர். பிள்ளைகளுக்கும் அந்தச் சொல்லே பழகிவிட்டது. முதியவர்கள் உள்ள வீட்டில் இதைத் தொடங்குமுன் அவர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் ஓராண்டு பொறுங்கள்.

முதற்படி: காற்றையும் வெயிலையும் பாருங்கள்

எதையும் கட்டுவதற்கு முன் இரண்டு நாள் சும்மா பார்க்க வேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரை இங்கே அடிப்பது சோளகம். தென்மேற்கிலிருந்து வரும் வரண்ட காற்று அது. மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நம்மிடம் வருகிறது. முற்றத்தில் ஒரு தடியை நட்டு, நுனியில் பழைய துணித்துண்டைக் கட்டிவிடுங்கள். காலை, மாலை, படுக்கப் போகும் நேரம் என மூன்று வேளையும் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பிள்ளைகளிடம் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பிற்பகல் 3 மணிக்கு வெயில் எந்தச் சுவரில், எந்தச் சன்னலில் விழுகிறது என்று சுண்ணக்கட்டியால் கோடு இழுங்கள். பந்தல் எங்கே, கட்டில் எங்கே, அடுப்பு எங்கே என்பதையெல்லாம் இந்த இரண்டு குறிப்புகளும் தீர்மானித்துவிடும்.

இரண்டாம் படி: மேற்குச் சுவருக்குப் பந்தல்

காசு குறைவாக இருந்து ஒரேயொரு வேலைதான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். சீமெந்துக் கல் பகல் முழுவதும் வாங்கிய சூட்டை இரவு பத்து மணி வரை அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே வெயிலைச் சுவரில் விழாமல் தடுக்க வேண்டும். சுவரில் விழுந்த பிறகு மின்விசிறி சுழன்றும் பயனில்லை, சூடான காற்றைத்தான் அது சுற்றித் தரும்.

சுவரிலிருந்து ஆறு அடி தள்ளி மூன்று கப்புகளை (மரக் கம்பங்களை) நடுங்கள். குழி இரண்டு அடி ஆழம் இருக்கட்டும். சோளகம் பந்தலைத் தூக்கும். குறுக்கே வளை வைத்து, மேலே கிடுகு போடுங்கள். கிடுகை விலைக்கு வாங்கலாம். தென்னை நிற்கும் வளவானால் வீட்டிலேயே பின்னலாம். ஓலையை நடுமட்டையோடு இரண்டாகப் பிளந்து, சில நாட்கள் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துப் பின்ன வேண்டும். ஊறாத ஓலையும் பின்ன வரும், ஆனால் ஓரிரு மாதத்தில் நொறுங்கும். நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, மட்டையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, ஓர் ஈர்க்கு மேலே ஒன்று கீழே என்று மாற்றி மாற்றிக் கோத்துப் போவதை எட்டு வயதுப் பிள்ளை ஒரு மாலைக்குள் பழகிக்கொள்ளும். எங்கள் மகளின் முதற் கிடுகு ஒரு பக்கம் கோணலாகத்தான் வந்தது. அதையும் பந்தலில்தான் வைத்தோம், படியிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில்.

கிடுகுப் பந்தல் இந்த ஆண்டுக்கு. அடுத்த ஆண்டுக்குக் கப்பின் அடியில் கொடி நடுங்கள். பாகல், புடோல், அவரை மூன்றும் கறிக்கும் ஆகும், நிழலுக்கும் ஆகும். முல்லை மெதுவாக ஏறும். ஏறிவிட்டால் மாலையில் வீடே மணக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீரை அங்கே திருப்பிவிட்டால் தனியாக நீர் இறைக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: கூரை, சுவர், சன்னல்

தகரக் கூரை என்றால் அதன்மேல் ஒரு வரிசை கிடுகு பரப்பிக் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். ஆனால் குசினிக்கு மேலே போடாதீர்கள். புகைக்கூட்டிலிருந்து ஒரு பொறி போதும். ஓட்டுக் கூரைக்கு விலகிய ஓடுகளைச் சரிசெய்வது தவிர வேறு வேலை இல்லை. அஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் கவனமாக இருங்கள். வெள்ளையடிப்பதற்காக அதைத் தும்புத்தடியால் உரசுவதும், துளையிடுவதும், உடைப்பதும் கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. அந்தக் கூரைக்குக் கீழே, உள்ளே ஒரு பழைய நூல் சேலையை நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டினால் தலைக்குமேல் இறங்கும் அனல் குறையும்.

வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பைவிடச் சிறந்த பூச்சு எனக்குத் தெரியவில்லை. முதல்நாள் இரவே சுண்ணாம்பை நீரில் கரைத்து வைத்து, காலையில் துணியால் வடித்து, ஒரு கைப்பிடி உப்புச் சேர்த்துக் கலக்குங்கள். உப்புச் சேர்த்தால் சுவரில் நன்றாகப் பிடிக்கும். தடிப்பாக ஒருமுறை அடிப்பதைவிட மெல்லிதாக இரண்டுமுறை அடிப்பது நல்லது. கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

சன்னல்களைக் காலை பத்து மணிக்கு மூடி, பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். பகலில் காற்று வரட்டும் என்று திறந்து வைப்பவர்கள் அனலைத்தான் உள்ளே அழைக்கிறார்கள். தென்மேற்குச் சன்னல் ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு: அதில் கழுவிய சணல் சாக்கு ஒன்றை நனைத்துத் தொங்கவிட்டுத் திறந்து வையுங்கள். சோளகம் வரண்ட காற்று என்பதால் சாக்கின் ஈரத்தை வேகமாகக் குடிக்கும். குடிக்கும்போது தானும் குளிர்ந்து உள்ளே வரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். பானையை விறாந்தையில், காற்றுப் படும் இடத்தில், ஈரமணல் மேல் வையுங்கள். மாரியில் இந்தச் சாக்கு வேலை செய்யாது, மணக்கத்தான் செய்யும். ஐப்பசி வருமுன் கழற்றிவிடுங்கள்.

நான்காம் படி: அலங்காரம்

கோடை அலங்காரம் எடுப்பதில் தொடங்குகிறது. தூசு பிடித்த பிளாஸ்ரிக் பூக்கள், தடித்த திரைச்சீலைகள், கதிரைகளுக்குப் போட்ட பளபளக்கும் உறைகள் எல்லாம் மாரிவரை பெட்டிக்குள் இருக்கட்டும். சோளகம் கொண்டுவரும் செம்மண் தூசு அவற்றில்தான் தங்கும். அவற்றை எடுத்த இடத்தில் என்ன வைக்கலாம் என்று தேடிக் கடைக்குப் போக வேண்டாம். பழைய நூல் சேலை நல்ல திரைச்சீலை. ஒரு சேலையில் இரண்டு சன்னல்களுக்கு வரும், கரையைக் கீழ்ப்பக்கம் விட்டால் அழகாக இருக்கும். பனையோலைப் பாய், சுளகு, மூடிபோட்ட பெட்டி, கடகம் இவற்றைச் சுவரில் மாட்டுங்கள். சாயம் போட்ட ஓலைகளால் பின்னிய சுளகு ஒன்று வெள்ளைச் சுவரில் தனியாகத் தொங்கினால் போதும், வேறொன்றும் தேவையில்லை. சிரட்டையில் மூன்று துளை போட்டுக் கயிறு கோத்துத் தொங்கவிட்டு, பசளித் தண்டு நடலாம். ஓலைக் காற்றாடிகளைப் பந்தல் விளிம்பில் வரிசையாகக் குத்தினால் சோளகம் நாள் முழுவதும் அவற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

படங்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இங்கே பல வீடுகளில் பழைய குடும்பப் படம் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியிருக்கிறது. அதை மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள். சூட்டில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கப் போனால் முகம் கிழியும். கிழக்குப் பக்கத்தில், நேர்வெயில் படாத உட்சுவரில், கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே கனமான காகிதச் சட்டம் வைத்து மாட்டுங்கள். அதற்கு முன்பே கைத்தொலைபேசியில் படம்பிடித்து, வெளிநாட்டில் உள்ள உறவினருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும்.

ஐந்தாம் படி: முற்றத்தில் முதல் இரவு

குளக்கரைக்குப் போவதற்கு முன் சொந்த முற்றத்தில் ஓர் இரவாவது தங்கிப் பாருங்கள். ஏதாவது குறைந்தால் பத்து அடியில் வீடு இருக்கிறது. நாள் தேர்வதும் எளிது: போயா விடுமுறைக்கு முந்திய மாலை. பூரணைக்கு முதல்நாள் சூரியன் மறையுமுன்பே நிலவு கிழக்கில் ஏறிவிடும். விளக்கே வேண்டாம், மறுநாள் பாடசாலையும் இல்லை.

12 அடிக்கு 18 அடித் தறப்பாள் ஐந்து பேருக்குத் தாராளம். ஏழு அடி உயரத்தில் முகட்டுக் கயிற்றை இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டுங்கள். கயிறு தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடட்டும். அப்போது சோளகம் முகப்பால் நுழைந்து பின்புறத்தால் வெளியேறும், பக்கங்களை அடிக்காது. தறப்பாளின் 12 அடிப் பக்கம் முகட்டோடு போக, 18 அடிப் பக்கம் இருபுறமும் ஒன்பது ஒன்பது அடியாகத் தொங்க வேண்டும்.

அந்த முதல் தடவை நானும் கணவரும் ஓரங்களைத் தரையோடு சேர்த்து முளை அடித்துக்கொண்டிருந்தோம். அம்மா விறாந்தையில், முற்றத்துக்குப் பாதி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். தறப்பாளின் ஒரு மூலையில் கயிறு கோக்கும் கண் 'டர்' என்று கிழிந்தது. அவர் எழுந்து வந்தார். நிலத்தில் கிடந்த ஒரு கூழாங்கல்லை எடுத்து, கிழிந்த மூலைக்குச் சற்று உள்ளே வைத்து, துணியை அதன்மேல் மூடி, கல்லின் கழுத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். கண் இருந்தபோது இருந்ததைவிட அது உறுதியாக நின்றது. பிறகு மற்ற மூன்று மூலைகளையும் பார்த்துவிட்டு, "ஓரம் நிலத்தில் முட்டக் கூடாது. உயர்த்திக் கட்டுங்கள். உள்ளே போகிற காற்றுக்கு வெளியே வர வழி வேண்டும்" என்றார். எங்கே படித்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அவர் சொன்னபடி ஓரத்தை மூன்று அடி உயரத்தில் நிறுத்தினால், கீழே 16 அடி அகலம் கிடைக்கும்; நான்கு பக்கமும் காற்றோடும். நாங்கள் இப்போது எப்போதும் அப்படித்தான் கட்டுகிறோம். கயிறுகளுக்கு இழுத்தால் அவிழும் உருவுமுடிச்சுப் போடுங்கள். இரவில் திடீரென்று காற்று மாறினால் இருட்டில் கத்தி தேட வேண்டியிருக்காது.

படுக்கையில் நுளம்பு வலையை விட்டுவிடாதீர்கள். வலையின் விளிம்பைப் பாய்க்கு அடியில் முழுவதும் செருக வேண்டும். நுளம்புக்காக மட்டும் சொல்லவில்லை. கட்டுவிரியன் இரவில் திரிவது, நிலத்தில் உறங்குபவர்களைக் கடிப்பது, அந்தக் கடி பெரும்பாலும் வலிப்பதுமில்லை. செருகிய வலை அதைத் தடுக்கும். செருப்பை வலைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், இறங்குமுன் டோர்ச் அடித்துப் பாருங்கள்.

அடுப்பைத் தறப்பாளுக்கு வடகிழக்கில், பதினைந்து அடி தள்ளி, ஓர் அடி ஆழக் குழியில் வையுங்கள். பொறி பறந்தாலும் தறப்பாளுக்கு எதிர்ப்பக்கம் போகும். சுற்றிலும் பத்து அடிக்குச் சருகைக் கூட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். மூட்டுவதற்குப் பன்னாடை, எரிப்பதற்குப் பொச்சுமட்டையும் ஊமலும் (காய்ந்த பனங்கொட்டை). இவை இருக்கக் காட்டு மரத்தில் கைவைக்க வேண்டியதில்லை.

நிலவிரவில் ஒடியற்கூழுக்கு ஈடாக வேறு உணவு இல்லை. ஒடியல் மாவை (காயவைத்த பனங்கிழங்கின் மாவை) ஒரு மணி நேரமாவது நீரில் ஊறவைத்து, மேலே தெளிந்த நீரை ஊற்றிவிட வேண்டும். காறல் அதோடு போகும். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் அவிந்த பிறகு, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்துவிட்டு, மாவைக் கரைத்து ஊற்றித் துழாவுங்கள். முருங்கையிலை கடைசியில். பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் கொடுத்தால் பிள்ளைகள் மூன்றாம் முறையும் கேட்பார்கள். காலையில் பழஞ்சோறும் எருமைத் தயிரும்.

ஆறாம் படி: குளக்கரைக்குப் போதல்

முற்றத்தில் தங்கிப் பழகிய குடும்பம் வெளியே போகலாம். இடம் தேர்வதில் என் கருத்து உறுதியானது: ஊர் சூழ்ந்த குளத்தைத் தேர்ந்தெடுங்கள், காடு சூழ்ந்த குளத்தை அல்ல. கோடையில் காட்டில் நீர் வற்ற, மாலையானதும் யானைகள் குளங்களுக்கு இறங்கும். நீர் குறைந்த குளத்தின் சேற்றங்கரையில் ஆட்களின் கால்தடமா, யானைத்தடமா அதிகம் என்று பகலில் பார்த்தாலே விளங்கும். கமக்கார அமைப்பினரிடமும் கிராம அலுவலரிடமும் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறுங்கள். யானை வரும் வழி, முதலை கிடக்கும் மூலை, பிள்ளைகள் குளிக்கக்கூடிய துறை எல்லாம் அவர்களுக்குத் தெரியும். துருசுக்கு (குளத்து மதகுக்கு) அருகில் யாரையும் குளிக்க விடாதீர்கள், நீர் உள்ளே இழுக்கும்.

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, மன்னார்ப் பக்கத்தில் கட்டுக்கரை என்று பெரிய குளங்களைப் பகலில் போய்ப் பாருங்கள். 1902இல் வேலை தொடங்கி 1920இல் முடிந்த இரணைமடுவின் அணைக்கட்டில் மாலையில் நடந்தால், ஒரு பக்கம் கடல்போல நீரும் மறுபக்கம் சிறுபோக வயலும் ஒரே பார்வையில் கிடைக்கும். இரவில் தங்க அவற்றின் அணைக்கட்டு இடமல்ல. சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015 முதல் தேசியப் பூங்காக்கள். அங்கேயும் வனத் திணைக்களக் காணியிலும் அனுமதியின்றித் தங்குவது குற்றம்.

முதல் பயணத்துக்கு நான் எல்லோருக்கும் சொல்வது மடு மாதா கோவிலைத்தான். யூலை 2ஆம் திகதித் திருவிழாவுக்கும் ஓகஸ்ட் 15ஆம் திகதித் திருவிழாவுக்கும் எல்லா ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து, மரநிழலில் கூடாரமும் கொட்டிலுமாக நாட்கணக்கில் தங்கும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. யார் எப்படிக் கயிறு கட்டுகிறார்கள், எப்படி அடுப்பு வைக்கிறார்கள் என்று நடந்து பார்த்தாலே பாதிக் கல்வி கிடைத்துவிடும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு இரவு முழுவதும் விழித்திருப்பதும் பிள்ளைகளுக்கு மறக்காது.

முல்லைத்தீவுக் கடற்கரையில் தங்க விரும்பினால், தெரிந்த கடற்றொழிலாளரின் வாடியில் (கரைக் கொட்டிலில்) கேட்டுத் தங்குங்கள். சோளக காலத்தில் அந்தக் கடல் அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நம்பிப் பிள்ளைகளைக் காற்றடைத்த ரியூப்பில் விடக் கூடாது. காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது; கரையில் அலை தெரியாமலே ரியூப் உள்ளே போய்விடும்.

எங்கே போனாலும் ஒரு விதி மாறாது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நிற்கும் இடத்துக்கு அப்பால் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பைத் தொடக் கூடாது. வந்த வழியே திரும்பி, பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டும். முளை அடிக்கவும் குழி தோண்டவும் ஊரார் நாளாந்தம் புழங்கும் நிலத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். பாலைப்பழம் பழுக்கும் பருவத்தில் பிள்ளைகள் மரத்தைக் கண்டு காட்டுக்குள் ஓடுவார்கள். அதனால் நாங்கள் பழத்தைத் தெருவோரத்தில் விலைக்கு வாங்கிக் கையில் கொடுத்த பிறகுதான் வண்டியை விட்டு இறக்குகிறோம்.

கொண்டுபோக வேண்டியவற்றில் தண்ணீர் முதலாவது: ஐந்து பேருக்கு ஓர் இரவுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 30 லீற்றர், வீட்டிலிருந்தே. பிறகு வலைகள், பாய்கள், இரண்டு டோர்ச், கயிறு, மண்வெட்டி, முதலுதவிப் பெட்டி, நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொதிகள். ஒரு பொதியை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைக்க வேண்டும். வெயிலில் தலைசுற்றி, வியர்வை நின்று, உளறத் தொடங்குபவரை நிழலுக்குக் கொண்டுவந்து, உடலை நனைத்து விசிறிக்கொண்டே 1990ஐ அழையுங்கள். அது இலவச அம்புலன்ஸ். அவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். பாம்பு கடித்தாலும் அதே இலக்கம்தான். கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் படுக்கவைத்து, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஏழாம் படி: திரும்புதல்

அடுப்புக் குழியில் தண்ணீர் ஊற்றி, தடியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துச் சூடு தெரியாதபோதுதான் மண்ணால் மூடுங்கள். பிளாஸ்ரிக் பை ஒன்றுகூடக் கரையில் கிடக்கக் கூடாது, மாடுகள் தின்னும். வீட்டுக்கு வந்ததும் தறப்பாளைக் கழுவி, நிழலில் இருபுறமும் உலர்த்துங்கள். மடித்தால் மடிப்பில் வெடிக்கும், ஆகவே ஒரு தடியில் சுருட்டி, எலி ஏறாத வளையில் தொங்கவிடுங்கள். கயிறுகளை நீளவாரியாகப் பிரித்து ஒரு கடகத்தில். மூலைகளுக்கு நல்ல உருண்டையான நான்கு கூழாங்கற்களை அம்மா தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார். அவையும் அதே கடகத்துக்குள் போகும். ஐப்பசி முதல் மழைக்கு விறகை மூட இதே தறப்பாளைத்தான் எடுப்போம்.